எட்மன்ட் பேர்க்கின் பிரதிநிதித்துவக் கோட்பாடு – ஒரு விமரிசன நோக்கு

பழமைபேண் அரசியற் சிந்தனையைப் பிற்போக்கு என்ற ஒரு சொல்லால் ஒதுக்கிவிடும் வழக்கம் நெடுங்காலமாக உண்டு. அதனை மரபின் காவலெனப் போற்றி, அதன் வாதங்களைச் சோதித்துப் பாராமலே ஏற்றுக்கொள்ளும் வழக்கமும் அதற்கு இணையாக உண்டு. இவ்விரு சாராரும் வழக்கைக் கேளாமலே தீர்ப்புக் கூறுபவர்கள் எனலாம். சனநாயகத்தைப் பற்றிப் பழமைபேண் சிந்தனையாளர் எழுப்பிய வினாக்கள் சனநாயகம் வெற்றிபெற்றதனால் மறைந்துவிடவில்லை. மக்களின் விருப்பமும் மக்களின் நலனும் எப்பொழுதும் ஒன்றுதானா? தேர்ந்தெடுக்கப்பட்டவன் தேர்ந்தெடுத்தோரின் சொற்படியே நடக்கக் கடமைப்பட்டவனா? எண்ணிக்கையில் மிகுந்தோர் விரும்பினர் என்பதனால் மட்டும் ஒரு செயல் நியாயமாகிவிடுமா? இம்மூன்று வினாக்களையும் ஒருங்கே எதிர்கொண்டவர்களுள் முதன்மையானவர் எட்மன்ட் பேர்க். அவரது விடைகள் எவ்வளவு தூரம் நிற்கக்கூடியன என்பதை அவர் வகுத்த அளவுகோல்களைக் கொண்டே ஆராய்வது இக்கட்டுரையின் நோக்கமாகும்.

1

பேர்க் 1729இல் டப்ளினிற் பிறந்தவர். தந்தையார் அரச திருச்சபையைச் சார்ந்த சட்டத்தரணி, தாயார் கத்தோலிக்கர். அயர்லாந்தின் பெரும்பான்மையினரான கத்தோலிக்கர் வாக்குரிமையும் பதவியுரிமையும் இழந்திருந்த காலம் அது. உரிமையற்றோரின் நிலையை அவர் சொந்தக் குடும்பத்தினுள்ளேயே கண்டிருந்தார் என்பது அவரது பிற்காலக் கருத்துக்களை விளங்கிக்கொள்ள உதவும். 1765இல் றொக்கிங்ஹாம் பிரபுவின் செயலாளரான அவர், அவ்வாண்டின் இறுதியில் வென்டோவர் தொகுதியின் உறுப்பினராகப் பிரித்தானியப் பொதுமக்கள் சபைக்குத் தெரிவானார். வென்டோவர், ஒரு பிரபுவின் கைக்குள் அடங்கிய சிறு தொகுதி. பிரதிநிதித்துவத்தைப் பற்றிப் பிற்காலம் அதிகமாக எடுத்தாண்ட கருத்துக்களைக் கூறியவர், மக்களின் போட்டித் தேர்வினாலன்றிப் பிரபு ஒருவரின் தயவினாலேயே பாராளுமன்றத்தினுள் நுழைந்தார் என்பது மனங்கொள்ளத்தக்கது.

பழமைபேண்வாதி என்னும் பெயர் அவர் காலத்தில் வழங்கவில்லை. அவர் விக் கட்சியினர். மன்னரின் அதிகாரத்தை எதிர்த்தவர். 1769இல், மிடில்செக்ஸ் வாக்காளர் மீண்டும் மீண்டும் தெரிவுசெய்த ஜோன் வில்க்ஸைச் சபை ஏற்க மறுத்து, குறைந்த வாக்குப் பெற்றவரை உறுப்பினராக அமர்த்தியபோது, அவர் வாக்காளரின் பக்கத்திலே நின்றார். 1770இல் வெளியிட்ட நூலில், பொதுமக்கள் சபை நாட்டின் உணர்வுகளுக்கு உருவங்கொடுக்க வேண்டுமேயன்றி மக்களை அடக்கும் கருவியாக மாறலாகாது என்று வாதித்தார். பத்தொன்பதாம் நூற்றாண்டின் பழமைபேண்வாதிகள் அவரைத் தம் முன்னோராகக் கொண்டாடியமைக்கு 1790இல் வெளிவந்த பிரெஞ்சுப் புரட்சி பற்றிய நூலே முதற்காரணம். அந்நூலை மட்டும் கொண்டு அவரை மதிப்பிடுவோர் மிடில்செக்ஸ் விவகாரத்திலே கண்ட பேர்க்கைக் காணத் தவறிவிடுவர்.

2

1774ஆம் ஆண்டு நவம்பர் 3ஆம் திகதி பிரிஸ்ரல் நகரில் அவர் ஆற்றிய உரையே அவரது பிரதிநிதித்துவக் கோட்பாட்டின் திறவுகோல். பிரிஸ்ரல் வென்டோவர் போன்றதன்று. ஏறத்தாழ 5000 வாக்காளரைக் கொண்ட பெரும் வணிகத் துறைமுகம். அங்கு இரு உறுப்பினர் தெரிவாயினர். ஒருவர் நியூயோர்க்கிற் பிறந்த வணிகர் ஹென்றி குறூகர், மற்றவர் பேர்க். வாக்காளர் இடும் பணிப்புக்களுக்குத் தாம் கட்டுப்பட்டவரெனக் குறூகர் அறிவித்தார். தமக்கு வெற்றியளித்த மக்களின் முன்னிலையிலேயே பேர்க் அக்கொள்கையை மறுத்தார்.

அவரது வாதம் இவ்வாறு அமைகின்றது. உறுப்பினர் தம் தொகுதியினரின் கருத்துக்குப் பெருமதிப்பளிக்க வேண்டும். அவர்களின் நலனுக்காகத் தமது ஓய்வையும் இன்பத்தையும் துறக்க வேண்டும். ஆயின் தமது பகுத்தறிவையும் மனச்சாட்சியையும் துறத்தலாகாது. அவை வாக்காளர் வழங்கியவை அல்ல. ஆதலால் வாக்காளரின் பொருட்டு விட்டுக்கொடுக்கத்தக்கனவுமல்ல. மேலும், சட்டமியற்றல் விருப்பத்தின் செயல் மட்டுமன்று. ஆராய்ந்து முடிவுகாணும் செயல். முந்நூறு கல் தொலைவில் இருப்போர், இருபக்க வாதத்தையும் கேளாமல் முன்னரே முடிவைச் செய்துவிட்டால், சபையில் நிகழும் விவாதத்துக்குப் பொருளில்லை. பாராளுமன்றம் பகைகொண்ட நலன்களின் தூதுவர் கூடும் இடமன்று. முழு நாட்டுக்கும் பொதுவான நலனை நாடும் ஒரே நாட்டின் ஒரே சபை. பிரிஸ்ரல் தெரிவுசெய்யும் உறுப்பினர் தெரிவின் பின் பிரிஸ்ரலின் உறுப்பினரல்லர், பாராளுமன்ற உறுப்பினரே என்பது அவர் முடிபு.

இவ்வாதம் வெறும் மேடைப்பேச்சன்று. அதன் விலையைப் பேர்க் தாமே செலுத்தினார். 1778இல் அயர்லாந்தின் வணிகத்தின்மீது விதிக்கப்பட்டிருந்த கட்டுப்பாடுகளைத் தளர்த்தும் பிரேரணைகளை ஆதரித்தார். பிரிஸ்ரல் வணிகர் சினந்தனர். கத்தோலிக்கரின் இடர்களைக் குறைக்கும் சட்டத்தை ஆதரித்தார். கடன்பட்டுச் சிறையில் வாடுவோர்க்கு நிவாரணம் தேடும் மசோதாவையும் ஆதரித்தார். இவை ஒவ்வொன்றும் வாக்காளர் பலரின் விருப்பத்துக்கு மாறானவை. 1780இல் தோல்வி உறுதியெனக் கண்டு போட்டியினின்று விலகினார். அந்த மூன்று பிரச்சினைகளிலும் பேர்க்கின் நிலைப்பாடே நேரியது என்பதில் இன்று ஐயுறுவார் அரியர். பிரிஸ்ரல் வணிகரின் பணிப்புக்கு அவர் பணிந்திருப்பாராயின், வாக்கற்ற அயர்லாந்துக் கத்தோலிக்கருக்காகவும் சிறையிலிருந்த கடனாளிகளுக்காகவும் எழுந்த குரல்களில் ஒன்று குறைந்திருக்கும்.

எனினும் இக்கதையின் மறுபக்கத்தையும் நோக்குதல் வேண்டும். பிரிஸ்ரலின் உறுப்பினராயிருந்த ஆறாண்டுகளில் பேர்க் அந்நகருக்குச் சென்ற தடவைகள் மிகச் சில. தொகுதியினரின் கருத்துக்குப் பெருமதிப்பளிக்க வேண்டுமெனக் கூறியவர், அக்கருத்தைக் கேட்டறிய அவர்களிடையே இருக்கவில்லை. தோல்வியின் பின்னரும் அவர் பாராளுமன்றத்தை இழக்கவில்லை; றொக்கிங்ஹாமின் செல்வாக்குக்குட்பட்ட மோல்ரன் தொகுதி அவருக்குக் காத்திருந்தது. வாக்காளரை எதிர்த்து நிற்கும் சுதந்திரம் மனத்திண்மையால் மட்டும் வந்ததன்று. பிரபுவின் கைத்தொகுதி ஒன்று பின்னால் இருந்தமையாலும் வந்தது. வாக்காளரிடமிருந்து சுதந்திரமாயிருந்தவர் புரவலரிடமிருந்தும் அவ்வாறே சுதந்திரமாயிருந்தாரா என்ற வினாவுக்குப் பிரிஸ்ரல் உரையில் விடையில்லை.

3

உறுப்பினர் ஆராய்ந்து முடிவுசெய்ய வேண்டியவர் என்பதை ஏற்றுக்கொள்ளலாம். அவ்வாறாயின் அவரைத் தெரிவுசெய்ய வேண்டியவர் யாவர்? இவ்விடத்திலேயே பேர்க்கின் பழமைபேண் இயல்பு முழுமையாக வெளிப்படுகின்றது. அக்காலப் பிரித்தானியப் பிரதிநிதித்துவ முறையின் குறைகள் வெளிப்படையானவை. குடிகள் அருகிப்போன ஓல்ட் சாறம் இரு உறுப்பினரை அனுப்பியது. பெருநகர்களாக வளர்ந்துகொண்டிருந்த மான்செஸ்ரரும் பேர்மிங்காமும் 1832ஆம் ஆண்டுச் சீர்திருத்தம் வரை ஒருவரையேனும் அனுப்பவில்லை. 1782இல் இளைய பிற் பிரதிநிதித்துவச் சீர்திருத்தம் பற்றிய பிரேரணையைக் கொண்டுவந்தபோது பேர்க் அதனை எதிர்த்தார். அரசியலமைப்பின் அதிகாரம் நீண்டகால அனுபோகத்தால் வரும் உரிமை. அதனைப் பகுத்தறிவின் ஒரு சூத்திரத்தைக் கொண்டு அளத்தலாகாது என்பது அவர் வாதம். தனிமனிதன் அவசரப்படுகின்றான், கூட்டம் அக்கணத்தில் மயங்குகின்றது. ஆனால் பல தலைமுறைகளாகத் தொடரும் இனம் பெரும்பாலும் சரியாகவே நடக்கின்றது என அவர் நம்பினார்.

பிரான்சிய நூலில் இந்நம்பிக்கை விரிவடைகின்றது. றிச்சட் பிறைஸ் 1789 நவம்பரில் ஆற்றிய உரையே அந்நூலுக்கு உடனடித் தூண்டுகோல். ஆட்சியாளரைத் தெரிவுசெய்யவும் நீக்கவும் மக்களுக்கு உரிமையுண்டென அவ்வுரை கூறியது. அதனை மறுத்த பேர்க், சமுதாயம் வாழ்வோரிடையேயான ஒப்பந்தம் மட்டுமன்று. இறந்தோரும் இனிப் பிறப்போரும் அதிற் பங்காளிகள் என்றார். வரம்பற்ற பெரும்பான்மை சிறுபான்மையினர்மீது புரியக்கூடிய கொடுமை தனி மன்னனின் கொடுமையிலும் கடியது என்றும் எச்சரித்தார். மன்னனால் ஒடுக்கப்படுவோர்க்கு மக்களின் அனுதாபமேனும் ஆறுதலாக எஞ்சும். பெரும்பான்மையால் ஒடுக்கப்படுவோர்க்கு அதுவும் எஞ்சுவதில்லை. இக்கூற்றை இருபதாம் நூற்றாண்டின் அனுபவத்தின் பின்னர் எவரும் எளிதாக மறுத்துவிட இயலாது.

ஆட்சிக்குரியோர் யார் என்ற வினாவுக்கு 1791இல் வெளியிட்ட நூலில் இயற்கையான உயர்குழாம் என்ற கருத்தை அவர் விளக்கினார். ஓய்வும் கல்வியும் பெருங்காரியங்களில் பழக்கமும் உடையோர் தாமாகவே சமுதாயத்தின் தலையாவர். அவர்களிடமிருந்து பிரிக்கப்பட்ட வெறுந்தொகை மக்களாகாது. அரசியற் கருத்துக்கொள்ள வல்ல குடிகள் இங்கிலாந்திலும் ஸ்கொட்லாந்திலும் ஏறத்தாழ 400000 பேர் என 1796இல் அவர் மதிப்பிட்டார். எஞ்சியோர் காக்கப்பட வேண்டியவர்கள்; ஆனால் கலந்தாலோசிக்கப்பட வேண்டியவர்களல்லர்.

வாக்கில்லாதோர் எவ்வாறு காக்கப்படுவர்? இதற்குப் பேர்க் அளித்த விடையே நிகர்நிலைப் பிரதிநிதித்துவம். நேர்ப் பிரதிநிதித்துவம் வாக்கினால் அமைவது. நிகர்நிலைப் பிரதிநிதித்துவமோ நலன்களின் ஒற்றுமையாலும் உணர்வுகளின் ஒத்திசைவாலும் அமைவது. மக்களின் பெயரால் செயற்படுவோரை அம்மக்களே தெரிவுசெய்யாவிடினும், இருவரின் நலனும் ஒன்றாயின் அவர்கள் உண்மையான பிரதிநிதிகளே. பேர்மிங்காமுக்கு உறுப்பினரில்லை, ஆனால் தொழிலும் வணிகமும் உள்ள பிற நகரங்களின் உறுப்பினர் அந்நகரின் நலனையும் பேணுவர் என்பது இதன் பொருள். ஹன்னா பிற்கின் 1967இல் வெளியிட்ட ஆய்வில் இக்கோட்பாட்டின் அடித்தளத்தைத் தெளிவுபடுத்தினார். பேர்க்குக்கு நலன் என்பது ஆட்களோடு பிணைந்ததன்று. வணிகநலன், நிலநலன் எனப் புறத்தே நிற்கும் ஒரு பொருள். அதனைக் கண்டறிய அறிவு வேண்டும். அதற்குரியோரின் எண்ணிக்கையைப் பற்றிக் கவலையில்லை. இவ்வாறு நோக்குகையில் கருத்தைப் புறக்கணிக்கவும் நலனைப் பேணவும் ஒரே உறுப்பினரால் இயலும் என்று பேர்க் கூறியதிலே முரண்பாடில்லை.

4

கோட்பாட்டின் வலிமையை அதனை வகுத்தவர் கையாண்ட கடினமான உதாரணங்களிலேயே காணலாம். பேர்க்குக்கு அத்தகைய உதாரணங்கள் மூன்று வாய்த்தன: அமெரிக்கா, இந்தியா, அயர்லாந்து.

அமெரிக்கக் குடியேற்றங்கள் 1765ஆம் ஆண்டின் முத்திரைச் சட்டத்தை எதிர்த்தபோது, அவை பிரித்தானியப் பாராளுமன்றத்தில் நிகர்நிலையாகப் பிரதிநிதித்துவம் பெற்றுள்ளன என அரசின் ஆதரவாளர் கூறினர். பேர்க் இவ்வாதத்தை ஏற்கவில்லை. 1775 மார்ச் 22இல் ஆற்றிய இணக்க உரையில் அதனை எள்ளிநகையாடினார். அருகிலிருந்த வேல்ஸ் நாட்டுக்கே அத்தகைய பிரதிநிதித்துவம் போதாதெனக் கண்டு முன்னோர் உறுப்பினர் வழங்கினராயின், கடலுக்கப்பாலுள்ள பரந்த நாட்டுக்கு அது எவ்வாறு போதும் என்பது அவர் வினா. ஆனால் பேர்மிங்காமுக்குப் போதுமானது பொஸ்ரனுக்கு ஏன் போதாது? தொலைவு என்பதே விடையாயின், தொலைவு மைல்களால் மட்டும் அளக்கப்படுவதா? ஒரே நகரின் முதலாளிக்கும் நெசவாளிக்கும் இடையிலுள்ள தொலைவு அத்திலாந்திக் சமுத்திரத்திலும் குறைந்ததா? இவ்வினாவைப் பேர்க் எழுப்பவில்லை.

இந்தியாவின் உதாரணம் கோட்பாட்டுக்கு மிகுந்த பெருமை தருவது. இந்திய மக்களுக்கு வாக்கில்லை; அவர்களின் மொழியைப் பேர்க் அறியார். எனினும் மனிதர்மீது செலுத்தப்படும் அரசியலதிகாரம் அனைத்தும் நம்பிக்கைப் பொறுப்பு. அதற்குக் கணக்குக் கொடுத்தே ஆகவேண்டும் என 1783இல் வாதித்தார். வொறன் ஹேஸ்ரிங்ஸ்மீதான குற்றப் பிரேரணையை 1788 முதல் 1795 வரை பிரபுக்கள் சபையின் முன் நடத்தினார். வாக்களிக்காத மக்களின் துயரைத் தம் துயராகக் கொண்ட பிரதிநிதிக்கு இதனிலும் சிறந்த உதாரணம் காண்பதரிது. ஆயின் முடிவு யாது? ஹேஸ்ரிங்ஸ் விடுதலையானார். தம் மனச்சாட்சியன்றி வேறெந்தத் தூண்டுதலுமில்லாத ஒருவரின் பேச்சு வரலாற்றில் நிலைத்தது; நீதியோ கிட்டவில்லை. நிகர்நிலைப் பிரதிநிதித்துவம் உயர்ந்த மனிதர்களை நம்பி நிற்பது. உயர்ந்த மனிதர்கள் எப்பொழுதும் சிறுபான்மையினரே.

அயர்லாந்தைப் பற்றி 1792இல் சேர் ஹெர்குலிஸ் லாங்கிறிஷுக்கு எழுதிய கடிதமே தீர்க்கமான சான்று. நிகர்நிலைப் பிரதிநிதித்துவத்துக்கு இலக்கணம் கூறிய அதே கடிதத்தில், அதற்கு நேர்ப் பிரதிநிதித்துவத்தில் ஓர் அடித்தளம் வேண்டும், இல்லையேல் அது நீடித்தும் உறுதியாகவும் நில்லாது என அவர் ஒப்புக்கொள்கின்றார். உறுப்பினருக்கும் அவர் காக்கவேண்டிய மக்களுக்கும் இடையே ஏதேனும் தொடர்பு இருத்தல் வேண்டும். கத்தோலிக்கருள் ஒருவருக்கும் வாக்கில்லாத நிலையில் கத்தோலிக்கரின் நலனைப் புரட்டஸ்தாந்தர் பேணுவர் என்பது பொருந்தாது. எனவே கத்தோலிக்கருக்கு வாக்குரிமை அளிக்கவேண்டும் என்பது அவர் முடிபு. 1793இல் அவர்கள் வாக்குரிமை பெற்றனர்; பாராளுமன்றத்தில் அமரும் உரிமைக்கு 1829 வரை காத்திருக்க நேர்ந்தது.

இந்த ஒப்புதலின் விளைவைப் பேர்க் முழுமையாக உணர்ந்ததாகத் தெரியவில்லை. சமயத்தால் வேறுபட்ட குழுவுக்குத் தன் வாக்கு வேண்டுமாயின், வறுமையால் வேறுபட்ட வகுப்புக்கும் பாலால் வேறுபட்டோர்க்கும் அது வேண்டாவோ? துயரை உணர்பவன் நோயாளி, மருந்தறிபவன் மருத்துவன் என்னும் உவமையைப் பேர்க் விரும்பிக் கையாண்டார். உவமையை ஏற்றாலும், நோயாளியின் வாயைக் கட்டிவிட்டு நோயை அறியும் மருத்துவன் இல்லை. 1790இலேயே மேரி வுல்ஸ்ரன்கிறாவ்ற்றும், 1791இல் தோமஸ் பெயினும் அவருக்கு எழுதிய மறுப்புக்கள் மனித உரிமை என்னும் பொதுக்கொள்கையிலிருந்து புறப்பட்டவை. பேர்க்கை அவரது வாசலுக்கே சென்று மறுக்கும் வழி லாங்கிறிஷ் கடிதத்தில் உள்ளது. 1861இல் ஜோன் ஸ்ருவட் மில் அவ்வழியே சென்றார் எனலாம். உறுப்பினரை வாக்குறுதிகளாற் பிணித்தலாகாது என்பதில் மில் பெரும்பாலும் பேர்க்கின் பக்கமே. ஆயின் வெளியே நிறுத்தப்பட்டோரின் நலன், எத்துணை நல்லெண்ணம் இருப்பினும், கவனியாது விடப்படும் என்பதை அவர் அழுத்தினார். தொழிலாளியின் கண்கொண்டு ஒரு பிரச்சினையைப் பாராளுமன்றம் ஒருபொழுதேனும் நோக்கியதுண்டா என்பது அவர் வினா. அம்மில்லும் கற்றோர்க்குப் பல வாக்கு என்ற இடத்தில் தயங்கி நின்றமை, உயர்குழாம் பற்றிய மயக்கம் தாராண்மைவாதிகளையும் விட்டுவைக்கவில்லை என்பதைக் காட்டுகின்றது.

5

இலங்கையின் அரசியலமைப்பு வரலாறு இக்கோட்பாட்டுக்கு ஒரு பரிசோதனைச் சாலையாக அமைந்தது. 1833இல் நிறுவப்பட்ட சட்டநிரூபண சபையில் சிங்களவர், தமிழர், பறங்கியர் ஆகியோர்க்கு ஒவ்வொருவரென நியமிக்கப்பட்ட உறுப்பினர் நிகர்நிலைப் பிரதிநிதிகளே. ஓர் இனத்தின் கற்ற, செல்வமுடைய ஒருவர் அவ்வினம் முழுவதன் குரலாகக் கொள்ளப்பட்டார். 1911இல் படித்த இலங்கையருக்கான ஆசனத்துக்கு நிகழ்ந்த தேர்தலில் வாக்காளர் மூவாயிரத்துக்கும் குறைந்தோரே. அவ்வாசனத்தை வென்றவர் சேர் பொன்னம்பலம் இராமநாதன்.

1928இல் டொனமூர் ஆணைக்குழு வயதுவந்தோர் வாக்குரிமையை விதந்துரைத்தபோது நாட்டு மக்களுள் ஏறத்தாழ நூற்றுக்கு நால்வரே வாக்காளர். இராமநாதன் அவ்விதப்புரையைக் கடுமையாக எதிர்த்தார். எதிர்த்தவர் அவர் மட்டுமல்லர். இலங்கைத் தேசிய காங்கிரசின் தலைவர்களும் மட்டுப்படுத்திய வாக்குரிமையையே வேண்டினர். எல்லோர்க்கும் வாக்கென வற்புறுத்தியவர்களுள் ஏ. ஈ. குணசிங்காவின் தொழிற்சங்கத்தினர் குறிப்பிடத்தக்கோர். இன வேறுபாடின்றி உயர்குழாம் ஒரே குரலிற் பேசிய சந்தர்ப்பங்களில் இதுவும் ஒன்று. ஆணைக்குழுவின் விடை பேர்க்கின் கோட்பாட்டுக்கே எதிரான சான்று: வறியோர்க்கான சமூக, தொழிற் சட்டங்கள் நாட்டிலே பின்தங்கிக் கிடந்தமையை அது சுட்டியது. கற்றோர் மற்றோரின் நலனைப் பேணியிருப்பின் அச்சட்டங்கள் முன்னரே தோன்றியிருக்க வேண்டும். 1931இல் 21 வயதடைந்த ஆணுக்கும் பெண்ணுக்கும் வாக்குரிமை கிடைத்த பின்னரே, தொழிலாளர் நட்டஈட்டுச் சட்டம் 1934இலும், மகப்பேற்று உதவிச் சட்டம் 1939இலும், சம்பளச் சபைச் சட்டம் 1941இலும், இலவசக் கல்வி 1945இலும் வந்தன.

ஆயின் பேர்க்கின் மற்றைய எச்சரிக்கையும் இந்நாட்டிலேயே மெய்ப்பட்டது. 1947ஆம் ஆண்டுத் தேர்தலில் மலையகத் தோட்டத் தொழிலாளரின் வாக்குகளால் இலங்கை இந்தியன் காங்கிரசின் உறுப்பினர் எழுவர் தெரிவாயினர். 1948ஆம் ஆண்டின் பிரசாவுரிமைச் சட்டமும் 1949ஆம் ஆண்டின் தேர்தற் சட்டத் திருத்தமும் அம்மக்களுட் பெரும்பாலோரின் வாக்கைப் பறித்தன. 1952இல் அவர்களிடமிருந்து ஒருவரேனும் தெரிவாகவில்லை. சோல்பரி அரசியலமைப்பின் 29ஆம் பிரிவு சிறுபான்மையினர்க்குக் காப்பென வகுக்கப்பட்டது. கோடக்கன் பிள்ளை வழக்கில் 1953இல் கோமறைக் கழகம் அச்சட்டங்கள் செல்லுமென்றது. 1964இல் சிறிமா – சாஸ்திரி ஒப்பந்தம் 975000 மக்களின் எதிர்காலத்தைப் பங்கிட்டபோது, அவர்கள் தேர்ந்தெடுத்த உறுப்பினர் ஒருவரும் பாராளுமன்றத்தில் இல்லை. நியமன உறுப்பினர் மூலம் ஒலித்த குரல் நியமித்தோரின் விருப்புக்குட்பட்டது. 1977இலேயே சௌ. தொண்டமான் நுவரெலியா – மஸ்கெலியாத் தொகுதியில் தேர்தல் மூலம் தெரிவானார்.

பெரும்பான்மை கொடுமை செய்யக்கூடும் என்ற பேர்க்கின் அச்சத்தை இவ்வரலாறு உறுதிப்படுத்துகின்றது. ஆனால் வாக்குரிமையைச் சுருக்குவதே பாதுகாப்பு என்ற பழமைபேண் முடிபை அது தகர்க்கின்றது. இங்கு கொடுமையின் கருவியாக அமைந்தது வாக்குரிமையின் விரிவன்று; அதன் சுருக்கமே. வாக்கிழந்தோரின் நலனைப் பேண எஞ்சிய உறுப்பினர் முன்வருவர் என்ற எதிர்பார்ப்பு, சிலரின் மனச்சாட்சியால் மட்டும் நிறைவேறிற்று. சபையின் வாக்கெடுப்பில் நிறைவேறவில்லை.

6

பேர்க்கின் கோட்பாட்டில் இரு கூறுகளைப் பிரித்தறிதல் வேண்டும். உறுப்பினர் விவாதத்தைக் கேட்டு, முழு நாட்டின் நலனை எண்ணி, தம் அறிவுக்கேற்ப முடிவுசெய்ய வேண்டும் என்பது ஒன்று. அவரைத் தெரிவுசெய்யும் உரிமை சிலர்க்கே உரியது என்பது மற்றொன்று. பழமைபேண்வாதிகள் இவ்விரண்டையும் பிரிக்கவொண்ணாதன போலக் காட்டினர். அவர்களை எதிர்த்தோரும் அதனை நம்பி இரண்டையும் ஒருங்கே நிராகரித்தனர். உண்மையில் முதலாவது கூறு இரண்டாவதைச் சார்ந்து நிற்பதன்று. கட்சியின் கட்டளைக்கே கை உயர்த்தும் உறுப்பினர் நிறைந்த சபைகளில் பிரிஸ்ரல் உரையின் தேவை குறையவில்லை, கூடியே உள்ளது. பேர்க் வாக்காளரின் பணிப்பை மறுத்தார். புரவலரின் பணிப்பையும் பெருந்தொகையின் ஆரவாரத்தையும் ஒரே அளவில் மறுக்கும் உறுப்பினரே அவ்வுரையின் முழுப்பொருளை உணர்ந்தவராவார்.

இரண்டாவது கூறு பேர்க்கின் அயர்லாந்துக் கடிதத்திலேயே உடைந்துவிட்டது. பிறர்க்காகப் பேசுபவர் எத்துணை மேன்மையுடையவராயினும், அவரிடம் கணக்குக் கேட்கும் வல்லமை அப்பிறர்க்கு இருந்தால் மட்டுமே அவர் பிரதிநிதி. இல்லையேல் அவர் வழங்குவது கருணை. அதிகாரம் நம்பிக்கைப் பொறுப்பு என்பது பேர்க் உலகுக்களித்த கருத்து. பொறுப்பை ஒப்படைத்தோர்க்கே கணக்கைக் கேட்கும் உரிமை உண்டு என்பதை அவர் வழி நின்றே கூறலாம். அவரோ அவ்வளவு தூரம் செல்லத் துணியவில்லை.